எந்த வரியில் சுருதி விலகியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாராவாரம் செய்தி வருகிறது. யார் வெளியேறினார், எந்த நடுவர் கண் கலங்கினார், யாருக்குக் காகித மழை பொழிந்தது என்று எல்லாம் வருகிறது. பாட்டு எப்படி இருந்தது என்பது மட்டும் ‘அசத்தினார்’, ‘சொதப்பினார்’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. நடுவர் மேசையிலும் இதே கதைதான். ‘தம்பி, கூஸ்பம்ப்ஸ் வந்துருச்சுப்பா’, ‘ஃபீல் இன்னும் கொஞ்சம் வேணும்மா’, ‘சுருதி மட்டும் அங்கங்க லேசா...’ அங்கங்கே என்றால் எங்கே? பல்லவியிலா, சரணத்தின் மூன்றாம் அடியிலா? கூடியதா, குறைந்ததா? அடுத்த வாரம் அந்தப் பிள்ளை எதைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும்? குரலிசை கற்பிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் இக்கடிதம் இந்த ஒரு குறையைப் பற்றியதுதான். பாட்டில் விழும் பிழை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, காரணம் உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் கைவைத்தியமும் உண்டு.

முதலில் கட்டை, அதாவது பாடகர் தன் ஆதார ஸ்வரமான ‘ஸ’வை வைத்துக்கொள்ளும் உயரம். ஸ்கேல் என்பதும் அதுதான். கீபோர்டின் C 1 கட்டை, D 2 கட்டை, இப்படியே B வரை 7; இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½ போன்றவை. மேடையில் கேட்கும் தவறுகளில் பல, ஸ்கேல் முடிவு செய்த அன்றே விழுந்தவை. கச்சேரியில் பாடகர் தன் சுருதியைத் தானே வைத்துக்கொள்கிறார். ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள், பெண்கள் 5 முதல் 6 கட்டைக்குள் பாடுவார்கள். திரைப்பாட்டுக்கோ ஏற்கெனவே ஒரு ஸ்கேல் இருக்கிறது. அது கேட்பவர் காதில் ஊறிப்போயிருக்கிறது. அதை மாற்றாமல் பாடினால்தான் வீரம் என்று போட்டியாளர்கள் நினைக்கிறார்கள். ஒரு பாட்டின் அடி ஸ்வரம் மந்த்ர ஸ்தாயிப் பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’), உச்சி மேல் ஸ்தாயி சுத்த மத்திமம் (‘ம’) என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 22 அரைப்படிகள்; கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து, ஓர் அரைப்படி; 12 அரைப்படி ஒரு ஸ்தாயி. இரண்டு ஸ்தாயிக்கு இரண்டே படிதான் குறைவு. 1 கட்டையில் பாடுகிற ஆண் குரலுக்கு அந்த உச்சி 4 கட்டை ஸ்வரத்தில் விழும். ‘பளிச்சென்று இருக்கட்டுமே’ என்று ஒரு கட்டை ஏற்றிவிட்டால் உச்சியில் 5 கட்டை ஸ்வரத்தைப் பிடித்தாக வேண்டும். காலையில் புதுக்குரலில் ஒத்திகை பார்க்கும்போது பிடித்துவிடுவார். படப்பிடிப்பில் அவர் முறை வர இரவாகிவிட்டால் பிடிபடாது; கத்துவார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உச்சிக்குப் பயந்து ஸ்கேலை இறக்கிவிடுவார்கள். சரணம் சுகமாகப் போகும். பல்லவியின் கீழ்ப்பகுதி பேச்சாகிவிடும். மைக்கில் ஸ்வரத்தைவிடக் காற்றுதான் அதிகம் கேட்கும். இதற்கு நடுவர் ‘லோ நோட்ஸ் பிராக்டீஸ் பண்ணு’ என்கிறார். எவ்வளவு பழகினாலும் இல்லாத ஸ்வரம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. அரைக் கட்டை ஏற்று என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. ஸ்கேல் முடிவு செய்ய எளிய வழி இதுதான்: பாட்டின் அடி ஸ்வரத்தையும் உச்சி ஸ்வரத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒத்திகை முடிந்து குரல் களைத்த பிறகு இரண்டையும் தலா 4 நொடி நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழே காற்றாகப் போனால் அரைப்படி ஏற்றலாம், மேலே கழுத்து நரம்பு புடைத்தால் அரைப்படி இறக்கலாம். இரண்டு பக்கமும் இடித்தால் பாட்டையே மாற்ற வேண்டியதுதான். இடையே ஒரு சின்ன விஷயம்: கட்டைக் கணக்கில் 3½ கிடையாது, 7½-உம் கிடையாது; அந்த இடங்களில் கறுப்புக் கட்டை இல்லை. 4 கட்டையிலிருந்து ‘ஒரு கட்டை இறக்குங்க’ என்றால் கீபோர்டுக்காரர் 3-க்கு வருவார், இறங்கியது அரைப்படிதான். பாடகர் முழுப்படி இறங்கியதாக நினைத்துக்கொண்டு மேடையில் திணறுவார்.

அடுத்தது சுருதி. ‘சுருதி விலகியது’ என்பது பாதிச் சேதிதான். கூடுவது வேறு, குறைவது வேறு. மூச்சு தீரும் வரிக் கடைசியிலும், மெதுவான பாட்டிலும், இறங்கிவரும் சங்கதியிலும் (வரியை அலங்கரிக்கும் ஸ்வரக்கோவையிலும்) சுருதி குறையும். படபடப்பிலும், ஏறிப்போகும் சங்கதியிலும், காதில் வாத்தியம் அதிகமாகக் கேட்டுத் தன் குரல் கேட்காமல் தொண்டையை உயர்த்தும்போதும் கூடும். குறைந்து பாடிய பிள்ளையிடம் ‘சுருதியில கவனமா இரு’ என்று மட்டும் சொன்னால், அது அடுத்த வாரம் பயந்துபோய்க் குரலை அமுக்கிப் பாடும். சுருதி இன்னும் குறையும். மூச்சை எந்தச் சொல்லுக்குமுன் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் பாதி சரியாகியிருக்கும்.

சுருதி விலகும் இடங்களும் ஏறக்குறைய நிலையானவை. பார்வையாளர் தாமே கவனித்துப் பார்க்கலாம். ஒன்று, தொகையறா. தாளமில்லாமல், வாத்தியம் மிகக் குறைவாக, குரல் மட்டும் தனியே நடக்கும் இடம். நாலு வரி பாடுவதற்குள் குரல் தன்னையறியாமல் கீழே நழுவும். பாடுகிறவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது, ஒப்பிட எதுவும் இல்லாததால். பல்லவிக்கு கிட்டாரும் பேஸும் சேர்ந்து நுழையும்போதுதான் குட்டு உடையும். ஓர் அரைப்படியை 100 சென்ட் என்று பிரிப்பார்கள். பழகிய காது 10 சென்ட் விலகலைக் கண்டுபிடித்துவிடும். 30 சென்ட் என்றால் சங்கீதம் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும். தொகையறாவில் 30 சென்ட் நழுவிய பாடகர், வாத்தியம் நுழைந்த கணத்தில் ஒரு குலுக்கு குலுக்கித் தன்னைச் சரிசெய்துகொள்வார். அந்தக் குலுக்கலுக்கு ‘என்ன ஒரு சங்கதி!’ என்று கைதட்டல் விழுவதும் உண்டு. மருந்து எளிது: காதில் மாட்டும் இன்-இயர் மானிட்டரில் தம்புராவோ, கீபோர்டில் ஒரு நீண்ட ச-ப ஒலியோ வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெளியே ஒலிக்க வேண்டியதில்லை, பாடகர் காதில் இருந்தால் போதும்.

இரண்டாவது இடம், இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் முதல் சொல். இடையிசை தவிலும் பறையுமாக முடிகிற பாட்டில் பத்து நொடிக்குச் சுருதி சொல்ல எந்த வாத்தியமும் இருக்காது. பாடகர் அந்தப் பத்து நொடியும் ஆடிக்கொண்டோ நடுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோ இருப்பார். சரணத்தின் முதல் ஸ்வரம் தவறி, இரண்டாவது சொல்லில் ஒட்டிக்கொள்ளும். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் வாயை மூடி ஆதார சட்ஜமத்தை (‘ஸ’வை) மெல்ல முனகிக்கொண்டிருப்பார்கள். கேமராவில் தெரியாது.

இந்த இடத்தில் கீபோர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்புராவின் மந்த்ர சட்ஜமத் தந்தியை மீட்டும்போது தானாக எழும் அந்தர காந்தாரம் (‘க’வின் உயர்ந்த வகை), அதற்குக் கீழே உள்ள சட்ஜமத்திலிருந்து சுமார் 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரம் 400 சென்ட். 14 சென்ட் வித்தியாசம். பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வித்தியாசம் 2 சென்ட்தான். தம்புராவோடு பத்து வருஷம் சாதகம் செய்த பிள்ளை நிறுத்திப் பாடும் காந்தாரம், கீபோர்டோடு சேரும்போது இம்மி குறைந்தது போலத் தோன்றும். மதிப்பெண் போடும் செல்பேசிச் செயலிகள் இதைத் தவறு என்றே கணக்குப் போடும். அது தவறல்ல, வேறொரு ஒழுங்கு. ஆனால் மெல்லிசை மேடையில் நிற்கும்போது கீபோர்டின் ஒழுங்குக்கு இசைந்துதான் ஆக வேண்டும். அதைப் பழக, நீண்ட காந்தாரம் வரும் வரிகளை மட்டும் தம்புரா இல்லாமல் கீபோர்டு கார்டோடு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களோடு) பாடிப் பார்த்தால் போதும்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு வருவோம். செவ்வியல் சாயல் உள்ள சுற்று என்றால் ‘ஒரு நாள் போதுமா’ வராமல் இருக்காது. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்துக்காக கே. வி. மகாதேவன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது. மாண்ட் ராகத்தில் தொடங்கி, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று சொல்லில் ராகத்தின் பெயர் வரும்போதே அந்த ராகத்துக்குள் புகுந்துவிடும் பாட்டு. அதனால்தான் போட்டியில் எடுக்கிறார்கள், அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தோடி என்ற சொல் வருமிடத்தில் சாதாரண காந்தாரம் (‘க’வின் தாழ்ந்த வகைக்கு அதுதான் பெயர்) ஓரிடத்தில் நிற்கக் கூடாது. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்திமத்தின் பக்கமும் போய்வரும் அசைவுதான் அங்கே காந்தாரம். பயந்த போட்டியாளர் அதைக் கீபோர்டுக் கட்டை போலத் தட்டையாக நிறுத்துவார், இல்லையென்றால் எல்லை தெரியாமல் நடுக்குவார். அடுத்த சோதனை தர்பாரும் கானடாவும். இரண்டும் 22-ஆவது மேளமான (தாய் ராகமான) கரகரப்பிரியாவில் பிறந்தவை, காகிதத்தில் பார்த்தால் ஸ்வரங்கள் ஒன்றே. தர்பாரில் ‘க க ரி ஸ’ என்று காந்தாரத்தை இழுத்து, தயங்கி இறங்க வேண்டும். கானடாவில் ‘க ம ரி ஸ’ என்று மத்திமத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். இந்த ஒரு மத்திமம் கேட்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பல மேடைகளில் இரண்டு ராகமும் ஒரே இறக்கமாக வழிந்துபோகின்றன. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பாட்டை முடித்துவிட்டார் என்பதற்கான கைதட்டல் அது.

வீட்டில் நாம் கேட்பது மேடையில் ஒலித்ததே அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பதிவு செய்து பிறகு ஒளிபரப்பும் நிகழ்ச்சியில் குரலும் வாத்தியமும் தனித்தனித் தடங்களில் பதிவாகி, பின்னர் கலக்கப்படுகின்றன. கீழ் ஸ்வரங்களைத் தூக்கலாம், எதிரொலி சேர்க்கலாம், சுருதியையும் திருத்தலாம். சுருதி திருத்தும் மென்பொருள்களில் ஆட்டோ-டியூன் 1997-இலேயே வந்துவிட்டது, மெலோடைன் 2001-இல். பிரிட்டனின் எக்ஸ் ஃபாக்டர் பாட்டுப் போட்டி 2010-இல் குரல் தேர்வுச் சுற்றிலேயே இத்தகைய திருத்தத்தைப் பயன்படுத்தியது தெரியவந்து பெரிய கூச்சல் எழுந்தது. திருத்திய குரலைக் கண்டுபிடிக்கக் காது கொடுத்துக் கேட்டால் போதும். சறுக்கிக்கொண்டு போக வேண்டிய ஸ்வரம் படிக்கட்டு போலத் தாவும். நீண்ட ஸ்வரத்தின் நடுவே மனிதக் குரலுக்கு இயல்பான சின்ன அசைவு கூட இல்லாமல் கண்ணாடி போல இருக்கும். கமகத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். மேலே சொன்ன தோடிக் காந்தாரத்தை 12 ஸ்வரக் கட்டத்துக்குள் திருத்தினால் அது தோடியாகவே இராது. நடுவர் குறை சொல்கிறார், நமக்கோ பாட்டு சுத்தமாகக் கேட்கிறது என்று குழம்பும் பார்வையாளர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம். நடுவர் கேட்டது கலவைக்கு முந்திய குரல்.

தாளத்தில் நடக்கும் பிழைகள் சுருதிப் பிழையைவிட எளிதில் தப்பிவிடுகின்றன, ஏனென்றால் வாத்தியக்காரர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். நிமிஷத்துக்கு 96 தட்டுப் போகிற பாட்டில் 8 அட்சர ஆவர்த்தனம் (எட்டுத் தட்டுத் தாளச் சுற்று) ஒன்று சரியாக 5 நொடி. அதையே 104-இல் வாசித்தால் 4.6 நொடி. கேட்பதற்குக் கொஞ்சம் ‘எனர்ஜி’ கூடினாற்போல இருக்கும். ஆனால் ஒரு தட்டுக்கு எட்டு ஸ்வரம் விழும் பிருகா (அதிவேக ஸ்வரக்கோவை), 96-இலேயே ஒரு ஸ்வரத்துக்கு 78 மில்லிநொடிதான் தருகிறது. 104-இல் 72. வழக்கமாகவே திக்கித் திணறிப் பிடிப்பவருக்கு அந்த ஆறு மில்லிநொடி போனால் கடைசி இரண்டு ஸ்வரம் காணாமல் போகும். அந்தப் பிழைக்குப் பொறுப்பு பாடகருடைய தொண்டை இல்லை, ஒத்திகையில் காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகத்தை) கவனிக்காதவர்கள். எடுப்பு, அதாவது தாளத்தில் வரியைத் தொடங்கும் இடம், தவறுவது இன்னொன்று. தட்டிலிருந்து அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய பல்லவியை, பதற்றத்தில் தட்டோடு சமமாக எடுத்துவிடுவார்கள். தொலைக்காட்சிக்காகப் பாட்டை மூன்று நிமிஷத்துக்கு வெட்டி, இடையிசையைப் பாதியாக்கும்போது இது அதிகம் நடக்கிறது. மூலப்பாட்டின் நீளத்துக்குப் பழகிய உடம்பு, புது நுழைவிடத்தில் தடுமாறுகிறது. வெட்டிய வடிவத்தைக் கையில் தாளம் போட்டுக்கொண்டே இருபது முறையாவது பாடாமல் மேடை ஏறக் கூடாது.

மூச்சு விடாமல் பாடும் பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கைதட்டல் நுரையீரலுக்குத்தான். மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ‘மலர்விழியில்’ என்ற சொல்லை ‘மலர்வி’ என்று பாடி, மூச்சு வாங்கி, ‘ழியில்’ என்று தொடர்ந்தால் எத்தனை இனிமையான குரலும் பயனில்லை. காரணம் பெரும்பாலும் முந்தைய வரியில் இருக்கிறது: முதல் வரி முடிவில் இருந்த அரை நொடி இடைவெளியை, கேட்காத ஒரு சங்கதி போட்டு நிரப்பிவிட்டார், இரண்டாம் வரிக்கு மூச்சில்லை. இன்னொரு காரணம் காற்றுக் குரல். காதில் கிசுகிசுப்பது போலப் பாடுவது இப்போது நாகரிகம். குரல் நாண்கள் முழுக்க மூடாமல் காற்று கசிவதால்தான் அந்த ஒலி வருகிறது. கசிந்த காற்று கசிந்ததுதான். தெளிந்த குரலில் ஒரு மூச்சில் முடியும் வரி, காற்றுக் குரலில் முக்காலில் தீரும். பாட்டு முழுக்க அப்படிப் பாடாமல், வேண்டிய இரண்டு சொல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உச்சரிப்பில்தான் எங்கள் வருத்தம் அதிகம், ஏனென்றால் இங்கே சாக்குப்போக்குக்கு இடமே இல்லை. ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ என்ற பாட்டை மேடையில் எத்தனை பேர் ‘அளைக்கிறான்’ என்று பாடுகிறார்கள்! முதல் வரியிலேயே, பாட்டின் உயிரான வினைச்சொல்லிலேயே பிழை. அதை ரீதிகௌளை ராகத்தின் நெளிவு சுளிவோடு பாடிவிட்டால் நடுவருக்குப் போதும்போலிருக்கிறது. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் வேரைத் தொட வேண்டும். ள-வுக்கு நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழ-வுக்கு மடிந்து, அண்ணத்தை நெருங்கி, தொடாமல் நிற்க வேண்டும். வித்தியாசம் ஒரு நூலிழைதான். மெதுவாகச் சொல்லும்போது சரியாக வரும் ழ, வேகமான பாட்டில் ள ஆகிவிடுவது, நாக்கு அவசரத்தில் அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதால். அலை, அளை, அழை என்ற மூன்றையும் ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, பிறகு பாட்டின் வேகத்தில், நாளுக்கு ஐந்து நிமிஷம் பாடினால் இரண்டு வாரத்தில் தெளியும்.

ந, ன, ண சிக்கலுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பவர்களுக்கு மூன்றும் ஒரே எழுத்துதான். மனம் மணமாகும், மணம் மனமாகும். வேறு மொழிக்காரர்கள் தமிழ்ப் பாட்டுப் பாடும்போது மன்னிக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளே செல்பேசியில் ஆங்கில எழுத்தில் வரிகளை வைத்துக்கொண்டு நிற்பதை என்ன சொல்வது? குறில் நெடிலும் இப்படித்தான். மெட்டு ‘கலை’யின் முதல் எழுத்தில் நாலு தட்டு நின்றால் அது ‘காலை’ ஆகிவிடுகிறது. குறிலில் நீட்டம் விழும்போது வாயை அகலத் திறக்காமல், குறிலுக்குத் திறந்த அளவிலேயே நிறுத்தி நீட்டினால் சொல் தப்பிக்கும். ஒற்றெழுத்தில் நடப்பது இன்னும் நுணுக்கம். ‘பட்டு’ என்பதில் ட் ஒரு கணநேர மௌனம். மௌனம் வந்தால் ஸ்வரம் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அதை வழுக்கிவிடுகிறார்கள், பட்டு ‘படு’ ஆகிறது. அந்த மௌனத்தில்தான் தாளத்தின் அழகே இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டில் ‘வருவேன்’ மூக்கொலியாக முடிவது சரி, வழக்கு அது. இலக்கிய நடையில் எழுதிய பாட்டில் அதே மூக்கொலி வந்தால் சொல் அரைகுறையாக நிற்கும். நாக்கு மேலே தொட்டு ன் முடிய வேண்டும்.

உச்சி ஸ்வரத்தில் எந்த உயிரெழுத்து விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ‘ஆ’ என்றால் தொண்டை திறக்கும். ‘ஈ’, ‘ஊ’ என்றால் இறுகும். ஒரே பாடகர் மேல் ஸ்தாயியில் ‘வா’ என்று அழகாக நின்றுவிட்டு, அடுத்த சரணத்தில் அதே ஸ்வரத்தில் ‘நீ’ என்று வரும்போது கீச்சிடுவது இதனால்தான். உதட்டைப் பக்கவாட்டில் இழுக்காமல் தாடையைச் சற்றே கீழிறக்கினால் ‘நீ’ நீயாகவே இருந்துகொண்டு விரியும்; அளவு மிஞ்சினால் ‘நே’ ஆகிவிடும். முகவாய்க்கட்டை மேலே தூக்குவது பெரிய தவறு. ஸ்வரம் மேலே இருக்கிறதென்று முகமும் மேலே போக வேண்டியதில்லை. பொய்க்குரலுக்கு (உச்சியில் எடுக்கும் மெல்லிய குரலுக்கு) போவதைக் குற்றமாகப் பார்க்கும் நடுவர்களும் இருக்கிறார்கள். மூலத்தில் பாடகரே மென்மையாக எடுத்த ஸ்வரத்தை நெஞ்சுக் குரலில் இடித்துப் பாடுவதுதான் குற்றம் என்பது எங்கள் கட்சி.

மைக் பிடிப்பதற்கும் ஒரு வார்த்தை. தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். பின்பக்க ஒலியைத் தடுக்கும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. பொத்தினால் குரல் பானைக்குள் பேசுவது போலாகும், ஸ்பீக்கரிலிருந்து ஊளையும் கிளம்பும். கீழ் ஸ்வரத்துக்கு இரண்டு விரல்கடை, உச்சிக்கு ஒரு சாண் என்று தூரத்தை மாற்றத் தெரிய வேண்டும். ‘ப’வில் தொடங்கும் சொற்களுக்கு மைக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ‘டப்’பென்ற வெடிப்பு வராது. இன்-இயரில் ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி சுமார் 30 மில்லிநொடி பிந்தி வருகிறது. ஒரு காதில் உடனடித் தாளம், மறு காதில் பிந்திய தாளம். பாட்டு இழுபடுவதற்குப் பிள்ளையைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

குழந்தைகள் போட்டியைப் பற்றித் தனியே எழுத வேண்டும்; இங்கே ஒன்றிரண்டு மட்டும். ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதிலிருந்து 15-க்குள் குரல் உடையும். முடியும்போது ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கியிருக்கும். போட்டி மாதக்கணக்கில் நடக்கிறது. தேர்வின்போது 5 கட்டையில் கணீரென்று பாடிய பையன் அரையிறுதியில் கரகரப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. அவனை அதே ஸ்கேலில் உந்தினால் குரல் நாண் வீங்கும். அரைப்படி அரைப்படியாக இறக்க வேண்டும், வலி வந்தால் பாட்டை நிறுத்த வேண்டும். படப்பிடிப்பு நேரத்துக்குச் சட்டமே இருக்கிறது. 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக வங்கியில் போட வேண்டும். பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

மதிப்பெண் என்ற பெயரில் எல்லாருக்கும் 9, 9½ போடுவதைப் பற்றி எழுதி மையை வீணாக்க விரும்பவில்லை. தங்கள் நாளிதழின் வாராந்தரப் பத்தியில், யார் என்ன உடுத்தியிருந்தார் என்ற பகுதியில் பாதியைக் குறைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்தாறு வரி பாட்டைப் பற்றி எழுத முடியுமா என்று கேட்கவே இக்கடிதம். எப்படி எழுதலாம் என்று கேட்டால், மாதிரிக்கு ஒன்று கீழே. பாடகரும் பாட்டும் கற்பனை:

‘5½ கட்டை. தொகையறா இரண்டாம் வரியிலிருந்து சுருதி குறைந்துகொண்டே போய்ப் பல்லவி நுழைவில் தெரிந்துவிட்டது. பல்லவி மூன்றாவது சொல்லில் சேர்ந்துகொண்டார். முதல் சரணத்தில் இரண்டு ழகரமும் சுத்தம், மூன்றாவது வேகத்தில் ளகரமானது. சரணக் கடைசியில் போட்ட பிருகா மூலத்தில் இல்லாதது. அதனால் பல்லவிக்குத் திரும்பும்போது மூச்சுப் போதவில்லை. உச்சி ஸ்வரத்தில் ‘தீ’ என்ற சொல் இறுகியது, அதே உயரத்தில் ‘பார்’ நன்றாக நின்றது. அடுத்த வாரம் பிருகாவை விட்டுவிட்டு, காதில் தம்புரா வைத்துக்கொண்டு, 5 கட்டையில் பாடிப் பார்க்கட்டும்.’

இப்படிக்கு,
குரலிசை கற்பிக்கும் வாசகர்கள் சிலர்